தொட்டியில் நிற்காத தண்ணீர்

பூவரசம்பூ ஒன்று தொட்டிக்குள் விழுந்தது. நடந்தது அவ்வளவுதான்.

உடுப்பிட்டியில் மாமாவின் தோட்டம். காலமை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் மிசின் இரைந்தது. தடித்த குழாயால் தண்ணீர் சீமெந்துத் தொட்டிக்குள் கொட்டி, எதிர்ப்பக்கத் துவாரத்தால் வாய்க்காலுக்குப் போனது. நான் தொட்டிக் கட்டில் ஏறி இருந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, கந்தோர் லீவை வீணாக்கிக்கொண்டிருந்தேன். பூ விழுந்தது குழாய் வாய்க்குக் கிட்ட.

அது சுற்றி வரும் என்று நினைத்தேன். பெரிய தொட்டி. வெறுந்தொட்டியை நிரப்ப மிசினுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியும். உள்ளே வருகிற தண்ணீர் வெளியே போகவும் அதேயளவு நேரம் ஆகவேண்டும் என்பதுதானே கணக்கு? பூ அந்தக் கணக்கை மதிக்கவில்லை. கோடு கீறினாற்போல் குழாயிலிருந்து துவாரத்துக்கு நேரே ஓடி, நான் திரும்பிப் பார்க்க முன்னமே வாய்க்காலில் மிதந்தது. மூலைகளில் நின்ற தண்ணீர் அசையவேயில்லை. அங்கே பாசியும் பழைய சருகும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

காலை வெளியே எடுத்தேன். அதே மாதிரி ஒரு தொட்டி கடல் கடந்து ஒரு குளிர்நாட்டில் இருந்தது. அந்தத் தொட்டியை நம்பி, வருகிற கிழமை, என் நண்பன் சுகந்தன் ஒரு சுவருக்குப் பின்னால் நிற்கப்போகிறான். அந்தச் சுவர் போதும் என்று கணக்குப் போட்டவள் நான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்புவீர்கள். நான் ஓய்வுபெற்றவள். வயது முப்பத்திநான்கு. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் எனக்குப் ‘பென்சன்காரி’ என்று பட்டம். வேலை பார்த்த கந்தோரை மூடினார்கள். பிரியாவிடை அன்று கேக் வெட்டி, ‘சேவையிலிருந்து ஓய்வு’ என்று எழுதிச் சட்டம் போட்ட ஒரு மட்டையும் தந்தார்கள். அதை அம்மா வரவேற்பறையில் மாட்டிவிட்டார். பிறகென்ன, ஊர் சும்மா விடுமா?

அண்மையில் ஒரு பள்ளிக்கூட விஞ்ஞானக் கழகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடிய ஒரு மாணவி எழும்பினாள்.

“அக்கா, இப்ப தண்ணி ஓடுறதையும் அதின்ரை கதிர்வீச்சையும் ஒண்டாக் கணக்குப் போடுற மென்பொருள் வந்திட்டுதுதானே? பிறகேன் நீங்கள் உப்பிடிப் பயப்பிடுறீங்கள்?”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்து, அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கினேன். முழுப் பதில் இது.

எங்கள் கந்தோர் கொக்குவிலில் ரயில் பாதையோரம், ஒரு புடைவைக்கடைக்கு மேலே, இரண்டு அறை. ரயில் போனால் யன்னலும் கணினித் திரையும் சேர்ந்து நடுங்கும். அங்கே இருந்துகொண்டுதான் வெளிநாட்டு அணுக்கரு இணைவு இயந்திரம் ஒன்றுக்குக் கதிர்த் தடுப்புக் கணக்குப் போட்டோம். ஒருமுறை ஓட்டோக்காரர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “அணுகுண்டோ பிள்ளை செய்யிறியள்?” என்று மெதுவாகக் கேட்டு, மிச்ச வழி முழுக்க என்னைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ‘கொம்பியூட்டர் வேலை’தான்.

படித்த காலத்தை நீட்ட விருப்பமில்லை. பொறியியல் படித்தேன், பௌதிகத்தில் பைத்தியம், கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், ஒரு இடத்தில் இருக்கமாட்டேன். வேலையில் சேர்ந்த முதல் மாதமே எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்தது இவ்வளவுதான்:

அணுக்கரு இணைவு என்பது சூரியனுக்குள் நடப்பதை ஒரு உலோகக் கூட்டுக்குள் செய்துபார்ப்பது. ஐதரசனின் பாரமான வகைகள் இரண்டை ஒட்டவைத்தால் பெரும் வெப்பம் பிறக்கும்; கூடவே நியூத்திரன்கள் பிறந்து நாலாபக்கமும் தெறிக்கும். கூடு உருகாமலிருக்க அதன் சுவருக்குள் குழாய்களில் தண்ணீர் ஓடும். வேகமான நியூத்திரன் ஒன்று தண்ணீரிலுள்ள ஒட்சிசனில் மோதினால் அந்த ஒட்சிசன் நைதரசனாகிவிடும். நாங்கள் மூச்செடுக்கிற நைதரசன் அல்ல, நிலைக்காத வகை. ஏழு செக்கனில் அதில் பாதி அழிந்துபோகும். அழியும்போது கொங்கிறீற்றையும் துளைக்கிற காமாக் கதிரை விட்டுவிட்டுப் போகும்.

பயம் தொடங்குவது இந்த இடத்தில்தான். இயந்திரத்தைச் சுற்றித் தடித்த சுவர் கட்டி நியூத்திரனை அடைத்துவிடலாம். ஆனால் தண்ணீருக்கு வழி விடத்தானே வேண்டும்? அது சுவரில் விட்ட ஓட்டையால், குழாய்க்குள்ளே, மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளியே மனிதர் நடமாடுவார்கள்.

மறிக்க இரண்டு வழி. குழாய் போகிற இடமெல்லாம் கொங்கிறீற்றும் ஈயமும் அடுக்கலாம். அல்லது தண்ணீரைக் காக்கவைக்கலாம். வெளியே வந்ததும் ஒரு தொட்டிக்குள் ஒரு நிமிடம் மறித்தால், பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று அழிந்து, சில நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தக் குளிர்நாட்டுக் கட்டடத்தின் மேல்தளம் பாரம் தாங்காது. ஆகையால் இரண்டாவது வழி. தொட்டிக்குப் பிறகு வருகிற குழாய்க்கும், அதன் அருகே நீளமாகப் போகிற நடைவழிக்கும் நடுவே மெல்லிய சுவர் போதும் என்று என் கணக்குச் சொன்னது. தண்ணீர் தொட்டிக்குள் நிற்கும் நேரத்தைக் குழாய்ப் பகுதிக்காரர் அனுப்பியிருந்தார்கள். தொட்டியின் கொள்ளளவை ஓட்டத்தின் வேகத்தால் வகுத்த எண். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை.

இனி ரூபியக்கா. எங்கள் மேலதிகாரி. நாற்பதுகளின் நடுவில் இருந்தார். வெளிநாட்டில் அணு உலைகளில் கதிர்ப் பாதுகாப்பு வேலை செய்தவர். தகப்பன் படுக்கையில் விழ ஊருக்கு வந்து, அப்படியே இந்தக் கந்தோரைத் தொடங்கியவர். மிஷன் பள்ளிக்கூடத்து ஒழுங்கு. காலமை சின்ன ஜெபம், பிறகு கண்ணாடி துடைப்பு, பிறகு எங்களைக் கிழிப்பது.

கதிர்த் தடுப்புக் கணக்கில், மனிதர் நிற்கக்கூடிய இடங்களைப் புள்ளிகளாகக் குறிப்போம். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு கதிர் விழும் என்பதுதான் விடை. நான் முதன்முதலில் ஒரு கணக்கைக் கையெழுத்துக்குக் கொண்டுபோன நாள்:

“இந்தப் புள்ளிக்கு என்ன பேர்?”

“இருபத்தேழு, அக்கா.”

“இருபத்தேழுக்குப் பிள்ளை குட்டி இருக்கோ?”

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

“உனக்குத் தெரிஞ்ச ஆக்களின்ரை பேர் வை. பேரில்லாத புள்ளிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

போய் ‘அம்மா’ என்று மாற்றிக் கொண்டுவந்தேன்.

“அம்மா அங்கை ஏன் நிக்கிறா?”

“குழாய் மூட்டு ஒழுகுதோ எண்டு பாக்கிறா.”

“குனிஞ்சோ, நிமிந்தோ? குனிஞ்சால் தலை குழாய்க்குக் கிட்ட வருமெல்லே? எவ்வளவு நேரம் பாப்பா?”

நான் பேனையை எடுத்துத் தாளின் ஓரத்தில் குறித்தேன்.

“அலாம் அடிச்சா எந்தப் பக்கத்தாலை வெளியிலை வருவா? கொம்மா முழங்கால் வருத்தக்காரி. படி இருக்கோ அதிலை?”

அன்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார். ஆர் நிற்கினம், ஏன் நிற்கினம், எப்படி வெளியே வருவினம். இந்த மூன்றுக்கும் வாயால் பதில் சொல்லாமல் எந்தத் தாளும் அவருடைய மேசையைத் தாண்டாது. எங்கள் கோப்புகளுக்குள் கொக்குவிலே குடியிருந்தது: அம்மா, சின்னமாமி, மூலைக்கடை இராசா அண்ணை, ரியூசன் மிஸ். வெளிநாட்டில் அந்தக் கோப்பைத் திறக்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இன்னொன்று. ரூபியக்காவுக்குக் கோபம் வந்தால் ‘எடியே’. சந்தோசம் வந்தாலும் ‘எடியே’. பயம் வந்தால் மட்டும் ‘நீங்கள்’. அதை நான் அதுவரை ஒருமுறைதான் கேட்டிருந்தேன், அவருடைய தகப்பன் மூச்செடுக்கத் திணறிய அன்று.

தொட்டிக்குப் பின்னால் உள்ள நடைவழிப் புள்ளிக்கு நான் வைத்த பேர் சுகந்தன். பகிடிக்குத்தான். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. கந்தோரில் எதிர் மேசை. என் மிக்சர் பையை நான் திறக்க முன்னம் திறக்கிறவன்.

“ஏனடி என்னை அதுக்கை விட்டனி? என்னைப் பொரிக்கப் போறியோ?”

“பொரிச்சா என்னத்துக்குக் காணும்? எலும்புதான் மிஞ்சும்.”

பகிடி வினையானது. இயந்திரத்தை முதன்முதலில் முழுச் சக்தியில் ஓட்டும்போது ஒவ்வொரு அறையிலும் கதிர்வீச்சை அளந்துபார்க்க ஆள் தேவைப்பட்டது. சுகந்தன் கையை உயர்த்தினான். கடல் தாண்ட வேண்டும் என்றால் அவனுக்குக் காரணமே தேவையில்லை, வல்வெட்டித்துறைக்காரன். அவனுக்குக் கிடைத்த இடம் அதே நடைவழி.

போக முதல் நாள் அவர்கள் வீட்டில் சாப்பாடு. முற்றத்துக்கு அங்கால் கடல். அவனுடைய அம்மாவை நான் அன்ரி என்பேன். பரிமாறிக்கொண்டு நின்றவர் கையை நிறுத்தினார்.

“பிள்ளை, கடலெண்டால் எனக்குத் தெரியும். காத்து மாறினால் மணத்திலை தெரியும். உது என்ன தண்ணியடி? மணமும் இல்லையாம், நிறமும் இல்லையாம்?”

“ஒரு ஆபத்தும் இல்லை அன்ரி. அவன் நிக்கப்போற சுவருக்கு நான்தான் கணக்குப் பாத்தனான்.”

“அப்ப சரி.” என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டு விழுந்தது.

சரி, இனித் தொட்டிக் கட்டுக்கு வருவோம். கால் ஈரம் காயாமல் ரூபியக்காவுக்குப் போன் அடித்தேன்.

“எடியே, லீவிலை நிண்டும் என்னை விடமாட்டியோ?”

பூவைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் தொட்டிக்குள் நிற்கவில்லை, குறுக்கே ஓடிவிடுகிறது என்றேன். பத்தில் ஒரு பங்கு அப்படி ஓடினாலே போதும், எங்கள் சுவர் போதாது என்றேன். மறுபக்கத்தில் கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி துடைக்கிறார் என்று விளங்கியது.

“தாரணி, நீங்கள் இப்ப எங்கை நிக்கிறீங்கள்?”

அந்த ‘நீங்கள்’ கேட்டதும் கட்டிலிருந்து இறங்கி நின்று, மாமாவின் தோட்டத்துக்கு வழி சொன்னேன்.

வெயில் உச்சிக்கு வர முன்னம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மடிக்கணினிப் பை ஒரு தோளில். கையில், வழியில் வாங்கிய, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

“என்ன மருமேள், வெங்காயத்துக்கு நீலம் போட்டு வெளுக்கப் போறியளோ?”

“ஐயா, மிசினை மட்டும் நிப்பாட்டாதேங்கோ,” என்றார் ரூபியக்கா.

“நிப்பாட்டமாட்டன். ஆனால் நாளைக்குச் சந்தையிலை ஆரும் கேட்டால் உங்களைத்தான் காட்டுவன்.”

குழாய் வாயில் நீலத்தை ஊற்றினோம். ரூபியக்கா போனில் படம் எடுத்தார். நீலம் ஒரு கயிறுபோல் நேரே போய்த் துவாரத்தில் விழுந்தது. வாய்க்கால் நீலமானபோது தொட்டியின் மூலைகள் இன்னும் நிறம் மாறாமலே இருந்தன. பிறகு மாமாவிடம் பழைய தகரம் ஒன்று கேட்டு, தொட்டிக்குக் குறுக்கே நிறுத்தி மறுபடி ஊற்றினோம். இந்த முறை நீலம் தகரத்தில் முட்டி, சுருண்டு, மூலைக்குப் போய், வழி தேடித்தேடித்தான் வந்தது.

“அங்கை உள்ள தொட்டிக்குள்ளை உப்பிடிக் குறுக்குத் தகடு இருக்கோ?” என்று ரூபியக்கா கேட்டார்.

மடிக்கணினியைத் தொட்டிக் கட்டில் வைத்து வரைபடத்தைத் திறந்தோம். எங்களுக்கு அனுப்பிய வரைபடத்தில் தொட்டியின் வெளிக்கோடு இருந்தது. உள்ளே வருகிற குழாய், வெளியே போகிற குழாய், இரண்டும் எதிரெதிரே. உள்ளே ஒன்றும் கீறப்படவில்லை. இருந்தும் கீறாமல் விட்டார்களோ, இல்லவே இல்லையோ, அந்த வெள்ளைக்குள் எதுவும் இருக்கலாம்.

ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்த சுகந்தனுக்குப் போன் அடித்தேன்.

“என்னடி, வெங்காயத் தோட்டத்துக்கை அணு ஆராய்ச்சியாம்? ரூபியக்கா படம் அனுப்பினவ. மாமா வடிவா வந்திருக்கிறார்.”

“பகிடியை விடு. தொட்டிக்குள்ளை தகடு இருக்கோ எண்டு விசாரிச்சுச் சொல்லு.”

அன்று பின்னேரமே சொன்னான். “இல்லையாம். உள்ளுக்கை கழுவச் சுகம் எண்டு வெறுமையா விட்டவையாம்.” என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். “பயப்பிடாதை. இடுப்பிலை அலாம் கொழுவியிருப்பன். அடிச்சா ஓடி வந்திடுவன்.”

“எந்தப் பக்கம் ஓடுவாய்?”

“ரெண்டு பக்கமும் கதவு இருக்கு.”

“ரெண்டையும் திறந்து பாத்தனியோ?”

அவன் நடைவழியில் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, குரலில் பகிடி இல்லாமல்: “கிட்ட இருக்கிற கதவுக்கு முன்னாலை பெட்டி அடுக்கி வைச்சிருக்கினம், தாரணி. திறக்கேலாது.”

“மற்றது?”

“அதுக்குப் போறதெண்டால் குழாயோடை ஓட வேணும். முழு நீளத்துக்கும்.”

இரவுகளைப் பற்றி எழுதமாட்டேன். பகலிலேயே எனக்குப் பயமாக இருந்தது. ஓட்டத்தைச் சரியாகச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். என் பயம் பிழையாகிப் போகவேண்டும் என்று நேர்ந்துகொண்டே போட்டேன். ஒவ்வொரு முறையும் எண் கூடித்தான் வந்தது. திரையில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ‘சுகந்தன்’ என்று இருந்தது. இருபத்தேழு என்று மாற்றிவிட்டால் என்ன என்று ஒருதரம் விரல் போனது. மாற்றவில்லை.

அந்த இயந்திரத்தின் பொறுப்பாளரோடு காணொளியில் பேசினோம்; நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுபவர். அதுதான் கஷ்டமாக இருந்தது. திரையில் எங்கள் நீலத் தொட்டியை முழுதாகப் பார்த்தார். பிறகு, தோட்டத்துத் தொட்டி தங்களுடைய தொட்டி அல்ல என்றார். எல்லாப் பகுதியினரும் ஒப்பமிட்டாயிற்று என்றார். நாள் குறித்தாயிற்று என்றார். மூன்றும் உண்மை.

ரூபியக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நீங்கள் சொல்வது சரி. எங்களை நம்பவேண்டாம். அந்த நடைவழியில் ஆளுக்குப் பதிலாகக் கதிர் அளக்கிற மானி ஒன்றை நிறுத்துங்கள். சக்தியை மிகக் குறைத்து ஒருமுறை ஓட்டுங்கள். மானி பேசாமலிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டு எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே தரவேண்டாம்.”

பொறுப்பாளர் நாட்குறிப்பைப் புரட்டினார். மானியை நிறுத்துவதில் தமக்கு நட்டமில்லை என்றார். இணைப்புத் துண்டித்ததும் ரூபியக்கா என் பக்கம் திரும்பினார். “எடியே, கந்தோரை வைச்சுச் சூதாடிப்போட்டன். கொஞ்சம் தேத்தண்ணி போடு.”

ஓட்டிய நாள், எங்களுக்குப் பின்னேரம். சுகந்தன் கட்டுப்பாட்டறையில், மானியின் திரைக்கு முன்னால். நடைவழியில் அவன் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் மானி. அவன் எண்ணை வாசிக்க நாங்கள் கேட்பதாக ஏற்பாடு. என் கணக்கு, பழைய கணக்கு, சரி என்றால் அந்தச் சக்தியில் மானி அசையவே கூடாது. என் வாழ்க்கையில் என் விடை சரியாக இருக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதுமில்லை, அதை அவ்வளவு நம்பாமல் இருந்ததுமில்லை.

“தொடங்கினம்,” என்றான். “ஒண்டுமில்லை... ஒண்டுமில்லை... தண்ணி இன்னும் வரேல்லைப் போலை...”

அந்த நேரம் பார்த்துப் பின்னேர ரயில் வந்தது. யன்னல் நடுங்கியது, திரை நடுங்கியது, அவனுடைய வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. ரூபியக்கா இரண்டு கையாலும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். முகம் சிரிக்க மறந்திருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரயில் போனது.

“...ஏறுது. தாரணி, ஏறுது. நிக்குதில்லை.”

அவன் வாசித்த எண் என் பழைய கணக்கில் இருந்ததைப்போல் பல பத்து மடங்கு. பின்னால் ஆரோ கத்தினார்கள், இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. மானி இறங்கத் தொடங்கியது. சுகந்தன் வாசித்துக்கொண்டே இருந்தான், பூசையில் மந்திரம் சொல்வதுபோல். “அரைவாசி... அதிலை அரைவாசி... அதிலையும் அரைவாசி...” தேத்தண்ணி ஆறுமுன் மானியில் ஒன்றுமில்லை.

“இப்ப போய்ப் பாத்தால் சுத்தம்,” என்றான். “குழாயைக் கட்டிப்பிடிக்கலாம். இஞ்சை ஏதும் இருந்தது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்.”

முழுச் சக்தியில் என்ன ஆகியிருக்கும் என்று தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன். செத்திருக்கமாட்டான். ஆனால் குழாயோடு ஓடி அந்தத் தூரக் கதவைத் தொட முன்னம், ஒரு மனிதனுக்கு ஒரு வருடம் முழுக்க அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பான். பிறகு ஆயுள் முழுக்க, ஒவ்வொரு காய்ச்சலுக்கும், இதுதானோ என்று யோசித்திருப்பான். அவனுடைய அம்மாவும் யோசித்திருப்பார்.

பிறகு நல்லதெல்லாம் நடந்தது. தொட்டிக்குள் தகடுகள் வைத்தார்கள்; சுவருக்கு ஈயக் கற்கள் அடுக்கினார்கள்; தளம் தாங்குகிற மட்டும்தான், ஆனால் அது போதும் என்று கணக்கு வந்தது. பெட்டிகளை அகற்றினார்கள். மறுபடி மானி, குறைந்த சக்தி, கூடிய சக்தி, கடைசியில் மனிதன். சுகந்தன் அந்த நடைவழியில் நின்றான். மானி பேசவில்லை. அவன் அங்கிருந்து எனக்கு அனுப்பிய படத்தில் ஒரு கையில் மிக்சர் பை.

அன்ரியைப் பார்க்க வல்வெட்டித்துறைக்குப் போனேன். அவன் எல்லாவற்றையும் பெரிய பகிடியாகத் தாயிடம் சொல்லி முடித்திருந்தான். அவர் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கத்தி நிற்கவில்லை.

“நீயெல்லே ஆபத்தில்லை எண்டனி?”

“ஓம் அன்ரி.”

“பிறகு நீதானாம் மறிச்சதும்.”

“ஓம்.”

செதிலைக் கழுவி ஊற்றினார். “இனிமேல் எனக்கு ஆபத்தில்லை எண்டு சொல்லாதை பிள்ளை. அவன் எங்கை நிக்கிறான், எந்த வழியாலை வெளியிலை வருவான், அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பயப்பிட்டுக்கொள்ளுறன்.”

மீன் ஒரு பையில் கட்டித் தந்துதான் அனுப்பினார்.

அதற்குப் பிறகும் சில வருடம் கந்தோர் ஓடியது. பிறகு அந்த இயந்திரக்காரர், ஓட்டத்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருள் வந்துவிட்டது, இனித் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். கேக், மட்டை, ஓய்வு. ரூபியக்கா தகப்பனின் இறுதிக் காரியங்கள் முடிந்ததும் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த மென்பொருளை நானும் ஓட்டிப்பார்த்தேன். அருமையானது. நீலம் போட்டால் நீலம் எங்கே போகும் என்று முதலே காட்டும். அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்: அது நாங்கள் கீறிக் கொடுக்கிற தொட்டியைத்தான் கணக்கிடும். கழுவச் சுகமென்று ஆரோ வைக்காமல் விட்ட தகடு அதற்குத் தெரியாது. கதவுக்கு முன்னால் ஆரோ அடுக்கிய பெட்டியும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் பயப்படுகிறேன், தங்கச்சி. பயத்தை விட உத்தேசமுமில்லை.

பென்சன்காரியின் அடுத்த வேலையைச் சொல்லி முடிக்கிறேன். இன்னொரு நாட்டில் இன்னொரு இணைவு இயந்திரம் கட்டி முடிகிறது. அங்கே தண்ணீரைக் காக்கவைக்கும் தொட்டிக்கும் அதன் சுவருக்கும் வீட்டிலிருந்தபடி கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தேன்: முதல் ஓட்டத்தில் அளக்கப்போவது நான். சம்மதித்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு இயந்திரத்தையும் நான் கண்ணால் கண்டதில்லை. அம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அந்த நடைவழிப் புள்ளிக்கு என் பேரையே வைத்து, அதை அவருக்குக் காட்டியது என் பிழை.

இந்த முறை நான் வாசிப்பேன், சுகந்தன் கேட்டுக்கொண்டிருப்பான். தொட்டி மூடியைப் பூட்ட முன்னம் உள்ளே வெளிச்சம் அடித்துத் தகடுகளைப் பார்ப்பேன். பிறகு முக்காலி, மானி, குறைந்த சக்தி. எண் என்னுடைய எண்ணோடு ஒத்துவந்தால் உள்ளே போவேன். வராவிட்டால் போகமாட்டேன்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னம், போய் இறங்கிய அன்றே, பையைக்கூட வைக்காமல், அந்த நடைவழியின் இரண்டு கதவையும் என் கையால் தள்ளித் திறந்து பார்ப்பேன்.